ஒரு கதிரை, ஒரு பிளக், அப்புறம் வைஃபை

போன ஐப்பசியில் ஒரு பின்னேரம் விழுந்த இடியோடு எங்கள் வீட்டு ரவுட்டர் செத்துப்போனது. கழற்றிப் பார்த்தால் பின்பக்கம் பிளாஸ்டிக் உருகி, கருகின மணம். மாரி பிடிக்கும் முன் மட்டக்களப்புப் பக்கம் பின்னேர இடி புதிதில்லை. வானம் கறுத்தால் கம்பியைக் கழற்றிவிடு என்று அம்மா வருடாவருடம் சொல்கிறவர். அன்றைக்கு நான் ஆரையம்பதியில் மீன் வாங்கிக்கொண்டு நின்றேன். அம்மா வீட்டில்தான் இருந்தார், ஆனால் மின்சாரச் சாமான் எதையும் அவர் தொடமாட்டார். சரி, போனது போனதுதான்.

இணைப்புக் கொடுத்த நிறுவனத்துக்கு அடித்தேன். மூன்று வேலை நாளுக்குள் ஆள் வரும் என்றார்கள். ஆள் வந்தது பதினோராம் நாள். அந்தப் பதினொரு நாளும் ஆரையம்பதிக்கும் மட்டக்களப்பு நகரத்துப் புளியந்தீவுக்கும் இடையில் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு இலவச வைஃபை தேடி அலைந்தேன். அலைந்த இடங்களைப் பற்றிய விமர்சனம் இது. கடைகளின் பெயரை எழுதவில்லை. குறை சொன்ன இடத்திலும் நாளைக்கு நான் தேத்தண்ணி குடிக்கப் போக வேண்டியிருக்கும்.

நான் உயர்தர மாணவர்களுக்குக் கணக்கீடு படிப்பிக்கிறேன். பிள்ளைகளில் பாதிப் பேர் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்காரர்: கொக்கட்டிச்சோலை, மகிழடித்தீவு, முனைக்காடு. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு படகுப் பாதைக்குக் காத்துக்கிடந்த காலம் போய்விட்டது, ஆனால் பாலம் இருந்தால் மட்டும் போதுமா, இருட்டினபிறகு பஸ் வேண்டாமா? அதனால் பின்னேர வகுப்பை நான் பதிந்து, சுருக்கி, இரவோடிரவாக ஏற்றிவிடுவேன். அவர்கள் அடுத்த நாள் இறக்கிப் பார்ப்பார்கள். பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது இடி விழுந்தது. மொபைல் டேட்டா இல்லையா என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் சிக்னல் வருகிற ஒரே இடம் கிணற்றடி. அங்கும் ஒரு கோடுதான். அந்த மாதத்துப் பொதியோ இரண்டு வகுப்பை ஏற்றியதோடு முடிந்தது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. இதைத் தெரியாமல்தான் முதல் இரண்டு நாளையும் வீணாக்கினேன். என் ஒரு வகுப்பு சுருக்கியபின் சுமார் 400 மெகாபைட். வேகத்தைச் சொல்கிறவர்கள் மெகாபிட்டில் சொல்கிறார்கள். ஒரு பைட்டுக்கு எட்டு பிட். ஆகவே நான் ஏற்ற வேண்டியது 3,200 மெகாபிட். ஏற்றும் வேகம் விநாடிக்கு 1 மெகாபிட் என்றால் 53 நிமிடம் பிடிக்கும். 3 மெகாபிட் என்றால் 18 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நான் பார்த்துக்கொண்டிருந்ததோ இறக்கும் வேகத்தை. ஃபாஸ்ட் டாட் காம் போன்ற தளங்கள் முதலில் பெரிய எழுத்தில் காட்டுவது அதைத்தான். ஏற்றும் வேகத்தைப் பார்க்க உள்ளே இன்னொரு பொத்தானை அழுத்த வேண்டும். இருபது மெகாபிட் என்று பெரிய எழுத்தில் கண்டு பூரித்துப்போய் உட்கார்ந்தேன். மேலே போகிற வேகம் அரை மெகாபிட். படம் பார்க்க வந்தவருக்கு அது சொர்க்கம், எனக்கு அங்கே வேலை இல்லை.

தேடலைக் கைபேசியில்தான் தொடங்கினேன். அருகில் உள்ள வைஃபையை வரைபடத்தில் காட்டும் செயலிகள் பல இருக்கின்றன. 2017இல் பேஸ்புக்கே அப்படி ஒரு வசதியை உலகம் முழுவதற்கும் திறந்தது. நான் இறக்கிய செயலி மட்டக்களப்பு நகரில் ஏராளமான பச்சைப் புள்ளிகளைக் காட்டியது. புள்ளியைத் தொட்டால் பாஸ்வேர்டும் வரும். பார்க்க ஏதோ மந்திரம் மாதிரி இருந்தாலும், யாரோ ஒருவர் எப்போதோ அந்தக் கடையில் இருந்து பாஸ்வேர்டைப் பகிர்ந்துவிட்டுப் போயிருக்கிறார், அவ்வளவுதான். ஒரு புள்ளியைத் தேடிப் போனால் கடை துணிக்கடையாக மாறியிருந்தது. இன்னொன்று ஒரு வீட்டு மதில். மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்த ஒரு ஐயா, “யாரம்மா வேணும்?” என்று கேட்டார். உங்கள் வைஃபை வேண்டும் என்று எப்படிச் சொல்வது? வீட்டு நம்பரைப் பிழையாகச் சொல்லித் தப்பி வந்தேன். யோசித்துப் பார்த்தால் அவருக்குத் தெரியாமலே அவருடைய பாஸ்வேர்ட் ஊர் முழுக்கக் கிடக்கிறது. வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளின் கைபேசியில் இப்படியான செயலி இருக்கிறதா என்று இப்போது நான் ஓரக்கண்ணால் பார்க்கிறேன்.

அப்புறம் அந்தப் பலகை. நகரில் மக்கள் கூடுகிற ஒரு பொது இடத்தில் மூன்று மொழியிலும் ‘இலவச வைஃபை’ என்று எழுதி, விசிறி மாதிரியான அடையாளமும் போட்ட பலகை ஒன்று நிற்கிறது. வெயிலில் நீலம் வெளிறி, தமிழ் எழுத்துதான் கொஞ்சம் தப்பியிருக்கிறது. கைபேசியில் பெயரும் வந்தது, இணைந்தும் கொண்டது. இணையம் மட்டும் இல்லை. பக்கத்து அலுவலகத்தில் கேட்டேன். “அது எங்கட இல்ல” என்றார்கள். யாருடையது என்று கேட்டேன். “அதுதான் எங்களுக்கும் விளங்கல்ல.”

பலகையைப் பார்த்ததும் 2015 நினைவுக்கு வந்தது. மைத்திரிபால சிறிசேனவின் தேர்தல் வாக்குறுதிகளில் இலவச வைஃபையும் ஒன்று. அந்த வருடம் மார்ச் கடைசியில் நாட்டின் 26 பொது இடங்களில் தொடங்கினார்கள். அதே வருடம் ஜூலையில் கூகுளின் லூன் பலூன்கள் வானத்திலிருந்தே நாடு முழுவதற்கும் இணையம் தரப்போகின்றன என்று ஒப்பந்தம் எழுதினார்கள். 2016 பெப்ரவரியில் முதல் பலூன் வந்தது. வந்த பலூன்களில் ஒன்று கம்பளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இறங்கிக் கிடந்த படத்தைப் பத்திரிகையில் பார்த்தேன். 2021இல் கூகுளின் தாய் நிறுவனம் அந்தத் திட்டத்தையே மூடிவிட்டது. வானத்தில் இருந்து எங்கள் வீட்டுக்கு வந்தது இடி மட்டும்தான்.

மூன்றாம் நாள் புளியந்தீவில் வாவியைப் பார்த்த ஒரு கோப்பிக் கடை. வெளிநாட்டுக்காரர் வருகிற மாதிரியான இடம். ஏசி, மரமேசை, சுவரில் பாடும் மீன் ஓவியம். ஒரு கோப்பி 650 ரூபாய், ஆகவே இதை இலவசம் என்று சொல்ல என் நாக்குக் கூசுகிறது. பில்லின் அடியில் ஆறு இலக்கக் குறியீடு அச்சடித்துத் தருகிறார்கள். அதைப் போட்டால் ஒரு மணித்தியாலம்.

குறியீட்டைப் போடுகிற பக்கமே எனக்குத் திறக்கவில்லை. இருபது நிமிடம் போனது. பிறகுதான் தெரிந்தது, பிழை என் கைபேசியில். விளம்பரம் வராமல் இருக்கட்டும் என்று தம்பி அதில் தனியார் டிஎன்எஸ் ஒன்றை, அதாவது தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் இணைய எண்ணைத் தேடித் தருகிற வெளிச் சேவை ஒன்றை, போட்டு வைத்திருந்தான். இந்த மாதிரிக் கடைகளில் நடப்பது இதுதான்: இணைந்தவுடன் கைபேசி தானாகவே கூகுளிடமோ ஆப்பிளிடமோ ஒரு சின்னப் பக்கத்தைக் கேட்டுப் பார்க்கும். எதிர்பார்த்த பதில் வந்தால் இணையம் இருக்கிறது என்று விளங்கிக்கொள்ளும். கடை ரவுட்டர் நடுவில் மறித்துத் தன் பக்கத்தைக் கொடுத்தால், ஓ, இங்கே வாசலில் காவல் இருக்கிறது என்று அந்தப் பக்கத்தை உங்களுக்குத் திறந்து காட்டும். தனியார் டிஎன்எஸ்ஸோ, இணையப் போக்குவரத்தை மறைத்து வேறிடம் வழியாக அனுப்புகிற விபிஎன்னோ போட்டிருந்தால் இந்த மறிப்புச் சரியாக நடக்காமல் போகலாம். வாசலும் திறக்காது, உள்ளேயும் போக முடியாது. அதை நிறுத்திவிட்டு, முகவரி https என்று தொடங்காத பழைய மாதிரித் தளம் ஒன்றைத் திறந்தால் வாசல் வந்துவிடும். இதற்கென்றே நெவர் எஸ்எஸ்எல் டாட் காம் என்று ஒரு தளம் இருக்கிறது. மனப்பாடம் செய்து வையுங்கள், நான் வைத்திருக்கிறேன்.

அடுத்த முட்டாள்தனம்: குறியீட்டைக் கைபேசியில் போட்டுவிட்டேன். லப்டொப் அதை ஏற்கவில்லை. அது முதலில் போட்ட கருவியோடு ஒட்டிக்கொள்ளும். பரிமாறுகிற பையன் நல்ல பிள்ளை, கேட்டதும் இன்னொன்று அடித்துத் தந்தான். ஏற்றும் வேகம் ஒரு மெகாபிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. 53 நிமிடக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணித்தியாலம் முடிந்தபோது 91 வீதம். அறுந்தது.

ஆனால் அந்தக் கடையில் எனக்குப் பிடிக்காமல் போனது வேகம் அல்ல. அங்கே இருந்த ஒரே பிளக் நடு மேசைக்குக் கீழே. அந்த மேசையில் இருந்தால் ஏழு மேசைக்கும் நடுவில் நான் ஒருத்தி. ஒரு பெண் தனியே, ஒரு கோப்பியோடு, ஒரு மணித்தியாலம் லப்டொப்பைப் பார்த்துக்கொண்டிருப்பது எங்கள் ஊரில் இன்னும் ஒரு காட்சி. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தார்கள். இரண்டு பேர் எனக்குத் தெரிந்தவர்களின் உறவினர். அன்று இரவு ஏழு மணிக்குள் “மகள் டவுன்ல ஆரைப் பாக்கப் போனவ?” என்று சித்தி அம்மாவிடம் போன் எடுத்துக் கேட்டுவிட்டார். அதன் வேகத்துக்கு முன் எந்த வைஃபையும் நிற்காது.

அன்றிலிருந்து என் மதிப்பீட்டு முறையை மாற்றிவிட்டேன். முதலில் கதிரை: முதுகு சுவர்ப் பக்கம் இருக்குமா, இரண்டு மணித்தியாலம் இருந்தால் ஏன் என்று கேட்பார்களா. இரண்டாவது பிளக். அதிலும் எந்தப் பிளக்: பழைய கட்டடங்களில் வட்ட முள், புதியவற்றில் சதுர முள், என் லப்டொப் சதுரம், ஆகவே அடப்டர் ஒன்று பையில் நிரந்தரமாகக் கிடக்கிறது. மூன்றாவது கழிப்பறை. வைஃபை நான்காவது. இந்த ஒழுங்கில் எந்தச் செயலியும் தேடித் தராது.

நடுவில் ஒரு நாள் ஒரு வாடிக்கையாளர் நிலையத்தில் டோக்கன் எடுத்துக்கொண்டு குளிரில் உட்கார்ந்து பார்த்தேன். நல்ல கதிரை. நாற்பதாவது நிமிடத்தில் காவலாளி, “அக்கா, உங்கட நம்பர் எப்பவோ போயிற்று” என்றார். ஒரு நட்சத்திரமும் கொடுக்க முடியாது, பிழை என்னுடையது.

ஐந்தாம் நாள் காத்தான்குடி. பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. நடுத்தெருப் பேரீச்ச மரங்கள் காற்றில் சாய்ந்து ஆடின. இறங்கி ஒரு பேக்கரிக்குள் ஓடினேன். முன்பக்கம் கண்ணாடிப் பெட்டி, மீன் பணிஸ், பற்றிஸ், ஆண்கள் நின்றபடி தேத்தண்ணி. பின்பக்கம் திரை போட்ட குடும்ப அறை. காத்தான்குடிக் கடைகளில் இது வழக்கம்தான். பெண்கள் பிள்ளைகளோடு இருந்து சாப்பிடுவதற்காக. இத்தனை வருடம் அந்தத் திரையை நான் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அதற்குள் போய் உட்கார்ந்ததும், முதுகில் இருந்து ஒரு மூட்டை இறங்கின மாதிரி இருந்தது. பார்க்க ஆளில்லை. பக்கத்து மேசையில் ஒரு உம்மா பேரனுக்குக் கேக் ஊட்டிக்கொண்டிருந்தார். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

கடைக்காரரின் மகள் என்னிடம் ஒரு வருடம் படித்தவள் என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் நேரே வந்து, “டீச்சர், உள்ளுக்கு இரிங்க, பிளக் பிரிட்ஜுக்குப் பின்னால இரிக்கி” என்றார். பாஸ்வேர்டை ஒரு பணிஸ் உறையில் எழுதித் தந்தார். ஏற்றும் வேகம் இரண்டு மெகாபிட்டுக்கு மேல். ஒரு வகுப்பு இருபத்தைந்து நிமிடத்தில் ஏறியது. பிளேன்டீ, இரண்டு மீன் பணிஸ், 300 ரூபாய்க்குள்.

மூன்றாம் தடவை போனபோது அவர் தயங்கித் தயங்கி ஒரு விசயம் சொன்னார். “டீச்சர், கோவிக்க வேணாம். பகல் டேட்டா முடிஞ்சிட்டு வருது. ராவு டேட்டா அப்படியே கிடக்கு. ராவு பன்னிரண்டு மணி தாண்டினா எவ்வளவும் பாவிங்க.” நம் நாட்டு வீட்டு இணையப் பொதிகள் பலவற்றில் அளவு இரண்டாகப் பிரிந்திருக்கும்: எந்நேரமும் பாவிக்கும் பங்கு ஒன்று, நள்ளிரவுக்குப் பின் மட்டும் பாவிக்கும் பங்கு ஒன்று. கடைக்காரருடைய ‘இலவசம்’ அவருடைய பகல் பங்கில் இருந்து எனக்குப் போய்க்கொண்டிருந்தது. என் ஒரு வகுப்பு 400 மெகாபைட், மூன்று நாளில் ஒன்றரை கிகாபைட் வரை நான் கரைத்துவிட்டேன். பெரிதாக வெட்கப்பட்டேன். அதோடு என்னால் நள்ளிரவில் காத்தான்குடிக்கு வர முடியாது என்பது அவருக்கும் தெரியும். கடைசியில் இப்படி முடித்தோம்: வீடியோவை ஒரு பென்டிரைவில் கொடுத்துவிடுவேன், அவருடைய மகள் நள்ளிரவுக்குப் பின் தன் கைபேசியால் ஏற்றிவிடுவாள். பரீட்சை எழுதி முடித்து வீட்டோடு இருக்கிற பிள்ளை, எப்படியும் இரண்டு மணி வரை விழித்துத்தான் இருக்கிறாள் என்றார். ஐந்து நட்சத்திரம். இன்னொன்றும் கொடுப்பேன், ஆனால் பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற அந்தப் பிளக்கில் தண்ணீர் ஒழுகுகிறது. அதை அவர் கட்டாயம் பார்க்க வேண்டும்.

நூலகம் ஒன்றுக்கும் போனேன். பெயர் வேண்டாம். கதிரையும் மேசையும் நான் கண்டவற்றில் முதல் தரம், கழிப்பறை சுத்தம், யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார்கள். பொதுமக்களுக்கு வைஃபை இல்லை. பிளக்குகளின் மேல் டேப் ஒட்டியிருந்தது. கைபேசி சார்ஜ் பண்ண வருகிறவர்கள் கூடிவிட்டார்களாம். இது எனக்கு உண்மையிலேயே கவலை. நெனசல என்று, தமிழில் அறிவகம் என்று, ஊர் ஊராகக் கணினி நிலையம் திறந்த நாடு இது. அந்த நெனசலத் திட்டத்துக்கு 2014இல் கேட்ஸ் அறக்கட்டளை பத்து லட்சம் டொலர் பரிசு கொடுத்தது. என் பழைய மாணவிகளில் சிலர் முதன்முதலில் மின்னஞ்சல் முகவரி திறந்தது அப்படியான ஒரு நிலையத்தில்தான். இப்போது எல்லார் கையிலும் கைபேசி இருக்கிறதே என்கிறார்கள். இருக்கிறது, ஓம். உட்கார இடம்?

இனிப் பிள்ளையார். சிரிக்காதீர்கள், பதினொரு நாளில் எனக்குக் கிடைத்த மிக வேகமான இணையம் எங்கள் தெருமுனைப் பிள்ளையார் கோயிலில்தான். இரண்டு வருடம் முன்பு உண்டியல் உடைத்த கள்ளனுக்குப் பிறகு கோயிலுக்குக் கமரா போட்டார்கள். கமராவுக்கு ரவுட்டர் வந்தது. அதன்பின் சுவிஸில் இருக்கிற ஒரு குடும்பம் திருவிழாவை நேரலையில் பார்க்க வேண்டும் என்று காசு அனுப்பி, நல்ல பொதியாக எடுத்துக் கொடுத்தது. நேரலைக்கு வேண்டியது ஏற்றும் வேகம் அல்லவா? ஆகவே இந்த ஊரிலேயே ஏற்றும் வேகத்தை நினைத்து எடுத்த இணைப்பு அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். நான் அளந்தபோது ஆறு மெகாபிட்டுக்கு மேல். 400 மெகாபைட் ஒன்பது நிமிடத்துக்குள். வருடத்தில் பத்து நாள் திருவிழா. மற்ற நாள் எல்லாம் பிள்ளையார் அதை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறார்.

பாஸ்வேர்டை ஐயரின் மகன் தந்தான். அது என்ன என்று எழுதமாட்டேன். ஊரில் பாதிப் பேர் இரண்டாம் தடவையில் ஊகித்துவிடுவார்கள். ரவுட்டர் இருப்பது அலுவலக அறையில், நடுவில் தடித்த சுவர். பட்டியலில் ஒரே பெயர் இரண்டு விதமாக வரும், கடைசியில் 5ஜி என்று ஒட்டியதும் ஒட்டாததும். 5ஜி என்றால் போன் கம்பனிக்காரர் சொல்கிற ஐந்தாம் தலைமுறை என்று நினைத்துவிடாதீர்கள், இது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. கிட்ட இருந்தால் அது வேகம், சுவர் தாண்டினால் சோர்ந்துபோகும். 2.4 கிகாஹெர்ட்ஸ் மெதுவானாலும் சுவரைத் தாண்டி வரும். வசந்த மண்டபத்துத் தூணடியில் எனக்கு 2.4 மட்டும்தான் வந்தது; அலுவலகக் கதவைத் திறந்து வைத்தால் 5ம் வரும். கதவைத் திறந்து வைக்கச் சொல்லிக் கேட்க எனக்கு மூன்று நாள் துணிவு வரவில்லை.

குறைகள்: கதிரை கிடையாது, தரை. பிளக் ஒலிபெருக்கிக்கு உரியது, வட்ட முள். பகல் பூசை முடிந்து நடை சாத்தினால் மறுகா நாலு மணிக்குத்தான். பின்னேரம் நுளம்பு. ஒரு தாத்தா தினமும் வருவார். முதல் நாள், “என்ன புள்ள, சாமி கும்பிட வந்தயா கொம்பியூட்டர் பாக்க வந்தயா?” என்று கேட்டார். இரண்டும்தான் என்றேன். ஏற்றும் கோடு நகர்வதைப் பக்கத்தில் இருந்து பார்க்கத் தொடங்கினார். 99இல் நின்றால் எனக்கு முன் அவர்தான் பதறுவார்.

இன்னொரு குறையும் இருக்கிறது, அதை எழுதாமல் விட்டால் இந்த விமர்சனம் பொய். எட்டாம் நாள் தொடங்கி எனக்குக் கோயிலுக்குள் போகக்கூடாத நாட்கள். ஊரிலேயே வேகமான இணையம் நூறு மீட்டர் தள்ளி இருக்கிறது, நான் வீட்டு விறாந்தையில் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறேன். வெளி மதிலுக்கு அப்பால் தெருவில் ஒரு கோடு சிக்னல் வந்தது. அங்கே மதகில் உட்கார்ந்து பார்த்தேன். பத்து நிமிடத்தில் மூன்று பேர் ஓட்டோவை நிறுத்தி, “டீச்சர், எங்க போகணும்?” என்றார்கள். எழும்பி வந்துவிட்டேன். அந்த மூன்று நாளும் காத்தான்குடிப் பென்டிரைவ்தான் காப்பாற்றியது.

பாதுகாப்பைப் பற்றி ஒரு சில வார்த்தை. பட்டியலில் பூட்டு அடையாளம் இல்லாத வைஃபை திறந்த வீடு. முகவரி https என்று தொடங்கும் தளங்களில் நீங்கள் எழுதுவதை வழியில் யாரும் வாசிக்க முடியாது என்பதால் முன்னைய அளவு பயம் இல்லைதான், ஆனாலும் வங்கி வேலையை நான் கிணற்றடி ஒரு கோட்டில்தான் செய்தேன். ஒரு கடையின் பெயரில் யார் வேண்டுமானாலும் தன் கைபேசியில் ஹொட்ஸ்பொட் திறக்கலாம். கோப்பிக் கடையில் ஒரே பெயர் இரண்டு தெரிந்தது, ஒன்றில் மட்டும் ஒரு எழுத்துக் கூட. பையனிடம் கேட்டுச் சரியானதை எடுத்தேன். வேலை முடிந்ததும் அந்தப் பெயரைக் கைபேசியில் இருந்து மறக்கச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த தடவை அந்தப் பெயரில் எது கிடைத்தாலும் கைபேசி தானாகப் போய் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். வீடியோ மாதிரிப் பெரிய கோப்பை வட்ஸ்அப்பில் அனுப்பாமல் கூகுள் டிரைவில் ஏற்றி இணைப்பைக் கொடுத்தேன். ஒரு தடவை ஏற்றினால் போதும், எத்தனை குழுவுக்கும் போடலாம்.

இறக்குகிற பக்கத்தையும் ஒருநாள் விசாரித்தேன். நான் இவ்வளவு பாடுபட்டு ஏற்றுவதை அவர்கள் எங்கே இருந்து எடுக்கிறார்கள்? முனைக்காட்டுப் பையன் ஒருவன் சொன்னான்: “வாவிக்கரைக்கு வந்திருவம் டீச்சர். தண்ணிக்கு மேலால இந்தப் பக்கத்து டவர் சிக்னல் நல்லா வரும்.” எழுவான்கரை டவர், இடையில் மறைக்க ஒன்றுமில்லாத வாவி, அக்கரையில் ஐந்தாறு பெடியன்கள் கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி. பெண்பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன். பெடியன்கள் இறக்கி, புளூடூத்தில் வீட்டு வாசலில் கொடுத்துவிட்டுப் போவார்களாம்.

பதினோராம் நாள் ஆள் வந்தார். இருபது நிமிட வேலை. புதிய ரவுட்டரைச் சுவரில் மாட்டிவிட்டு, இடி வந்தால் கம்பியைக் கழற்றிவிடுங்கள் என்றார். உள்ளே இருந்து அம்மா, “கேட்டயா?” என்றார்.

இப்போது வீட்டிலேயே ஏற்றுகிறேன், மேலே போகிற வேகம் ஒரு மெகாபிட்டுக்குக் கொஞ்சம் மேல். வியாழக்கிழமைகளில் மட்டும் காத்தான்குடிக்குப் போய்க் குடும்ப அறையில் இருந்து பேப்பர் திருத்துகிறேன். அங்கே இணையமே போடுவதில்லை. கோயில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டார்களாம் என்று நேற்றுத் தாத்தா சொல்லி அனுப்பியிருக்கிறார். வெள்ளிக்கிழமை போய்க் கேட்க வேண்டும்.